தொடரும்... ஆனா தொடராது!

பாதியில நின்னுபோன சீரியல்களுக்காக ஒரு பஞ்சாயத்து

தமிழ்ல அதிகமா பொய் சொன்ன வார்த்தை எதுன்னு ஒரு போட்டி வெச்சா, ‘தோ... கிளம்பிட்டேன் மச்சி’க்கு ரெண்டாவது பரிசுதான் கிடைக்கும். முதல் பரிசு, சந்தேகமே இல்லாம ‘தொடரும்’!

ஹீரோயின் கையில விஷம் கலந்த பால் டம்ளர். வாசல்படியில மாமியார். கேமரா மூணு தடவை ‘டொய்ங்... டொய்ங்... டொய்ங்’னு முகத்து மேல பாயுது. ஸ்க்ரீன் ஃப்ரீஸ். ‘தொடரும்’னு எழுத்து. மறுநாள் அதே நேரத்துக்கு டி.வி-யைப் போட்டா... வேற வீடு, வேற மாமியார், வேற டைட்டில் பாட்டு! பழைய வீடு எங்கே போச்சு? அந்தப் பாலை யார் குடிச்சாங்க? பதில் சொல்ல ஆளே இல்லை. டம்ளர் இன்னும் அந்தரத்துலதான் நிக்குது பாஸ்!

‘அட... சீரியல்தானே, நின்னா நல்லதுதான்’னு காலேஜ் பசங்க நாம ஈஸியா சொல்லிடுவோம். ஆனா, நாம பார்க்கிற வெப் சீரிஸோட அடுத்த சீஸனை கேன்சல் பண்ணிட்டாங்கன்னு நியூஸ் வந்தா மட்டும், மூணு நாளைக்கு சோக ஸ்டேட்டஸ் வைப்போம். நமக்கு வந்தா ரத்தம், அப்பத்தாவுக்கு வந்தா தக்காளிச் சட்னியா? வாங்க, விசாரிச்சுடுவோம்!

எங்க ஊர்ல அது ‘நாடகம்’!

வேடசந்தூர்ப் பக்கம் பெருசுங்க யாரும் ‘சீரியல்’னு சொல்ல மாட்டாங்க. ‘நாடகம் போட்டாச்சா?’, ‘நாடகத்துல அவ புருசன் திரும்பி வந்துட்டானா?’னுதான் கேட்பாங்க. திண்டுக்கல் - கரூர் ரோட்டுல இருக்கிற ஊர். குடகனாத்துல தண்ணி ஓடுற நாளைவிட, நான்கு வழிச்சாலையில லாரி ஓடாத நாள் கம்மி. சுத்துவட்டாரம் பூரா நூல் மில்லுகள். ஷிஃப்ட் மாறுற நேரத்துல ஆத்துமேட்டுல நின்னா, வரிசையா மில் வேன் போகும். உள்ளே பாதிக்கு மேல அக்காக்களும் அம்மாக்களும்தான்.

எங்க பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க, ரெண்டாவது ஷிஃப்ட் போற வாரம் முழுக்க ராத்திரி நாடகத்தைப் பார்க்க முடியாது. மறுநாள் காலையில போன்ல அதைப் பார்த்து முடிச்சுட்டுத்தான் உலை வைப்பாங்க. ‘ஒரு நாள்ல எனக்குன்னு இருக்கிறது அந்த அரை மணி நேரந்தேன்’னு அவங்க சொல்றப்போ, கிண்டல் பண்ண நமக்கு வாய் வராது.

அதோட, நாடகம்ங்கிற பேருக்கு எங்க பக்கம் ஒரு பழைய மரியாதை உண்டு. திண்டுக்கல்ல நாடக நடிகர்களுக்குன்னே சங்கம் இருக்கு. கோயில் திருவிழான்னா ‘வள்ளி திருமணம்’ போடுவாங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல பபூன் வந்து கலகலப்பாக்கி, நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணி, முருகன் வேடனா வந்து, கிழவனா வந்து வம்பிழுத்து, கடைசியில கல்யாணம் முடியறப்போ கிழக்கு வெளுத்துடும். மங்களம் பாடின பிறகுதான் ஹார்மோனியத்தை மூடுவாங்க. நடுச்சாமத்துல பாதி சனம் கொண்டுவந்த பாயிலயே தூங்கிப் போகும். அதுக்காக, ‘இன்னைக்குக் கூட்டம் கம்மி, அதனால வள்ளிக்குக் கல்யாணம் கிடையாது’னு எந்த முருகனும் மேக்கப்பைக் கலைச்சுட்டு பஸ் ஏறுனதா எங்க ஊர்ல கதை இல்லை!

டி.வி நாடகம், பேரை மட்டும் மேடையில இருந்து எடுத்துக்கிச்சு. மங்களத்தை மேடையிலயே விட்டுட்டு வந்துடுச்சு.

2020: ஊருக்கே இடைவேளை

தமிழ் சீரியல் உலகத்துல ஒரே நேரத்துல நிறைய கதைகள் அந்தரத்துல நின்னது 2020-லதான். கொரோனா பயத்துல அந்த வருஷம் மார்ச் 19-ம் தேதியில இருந்து ஷூட்டிங்கை எல்லாம் நிறுத்துறதா ஃபெப்சி அறிவிச்சது. 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. தினசரி சீரியல்ங்கிறது ஏறக்குறைய அன்னாடங்காய்ச்சிப் பொழைப்புதான். கையிருப்புல கொஞ்ச நாளுக்கான எபிசோட்தான் இருக்கும். அது தீர்ந்ததும், சேனல்கள் பரணையில இருந்த பழைய டேப்பைத் தூசி தட்டினாங்க. தூர்தர்ஷன்ல மார்ச் 28-ல இருந்து ‘ராமாயணம்’ மறுபடி வந்துச்சு. சன் டி.வி-யில ‘மெட்டி ஒலி’ மறுபடி கேட்டுச்சு. 2002-ல ஆரம்பிச்சு 2005-ல முடிஞ்ச நாடகம். அப்ப அழுத அதே இடத்துல எங்க வீட்டு ஆளுங்க இப்பவும் கரெக்டா அழுதாங்க!

மே 21-ம் தேதி, 20 பேரை மட்டும் வெச்சு சின்னத்திரை ஷூட்டிங் நடத்தலாம்னு தமிழக அரசு சொல்லுச்சு. 20 பேர்ல நடிகர்கள், கேமரா, லைட், மேக்கப், சாப்பாடு எல்லாம் எப்படி அடங்கும்? ஒரு சீரியல் கல்யாண ஸீன்ல தாம்பூலத் தட்டு தூக்கவே 20 பேர் வேணுமே! கோரிக்கை வெச்ச பிறகு, மே 31-ல இருந்து 60 பேர்னு ஆச்சு. ஆரம்பிச்ச வேகத்துலயே, ஜூன் 19-ல சென்னையிலும் பக்கத்து மாவட்டங்கள்லயும் மறுபடி முழு ஊரடங்கு. ஜூலை கடைசியிலதான் புது எபிசோடுகள் முழுசா வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஆனா, எல்லா வீடும் திரும்பி வரலை. சன் டி.வி-யில ரேவதி நடிச்ச ‘அழகு’, அப்புறம் ‘கல்யாணப் பரிசு’, ‘தமிழ்ச்செல்வி’, ‘சாக்லேட்’... விஜய் டி.வி-யில ‘அரண்மனைக் கிளி’... எல்லாம் அப்படியே நின்னுபோச்சு. இந்தியிலும் இதே கதைதான். சோனி சேனல் ‘பேஹத் 2’, ‘பட்டியாலா பேப்ஸ்’, ‘இஷாரோன் இஷாரோன் மே’னு மூணு தொடர்களை முடிவு இல்லாமலே மூடிடுச்சு.

காரணம் இல்லாம இல்லை. விளம்பரம் படுத்துடுச்சு. நம்ம சீரியல்கள்ல நடிக்கிற பல பேருக்குக் கேரளாவும் கர்நாடகாவும்தான் சொந்த ஊர். ஊருக்குப் போனவங்க அங்கேயே மாட்டிக்கிட்டாங்க. அதோட, ஒரு சீரியல் நின்னா கதை மட்டும் நிக்கிறதில்லை. லைட்மேன்ல இருந்து புரொடக்‌ஷன்ல டீ கொடுக்கிறவர் வரைக்கும் நாள் கூலி, பேட்டான்னு வாழுறவங்க. ஷூட்டிங் இல்லைன்னா அன்னைக்கு அடுப்பு இல்லை. அந்தக் கஷ்டத்துக்கு முன்னால ஹீரோயின் கல்யாணம் பெரிய விஷயமான்னு கேட்டா, நிச்சயமா இல்லை.

ஆனாலும், முடியாம நின்னுபோறது எப்படி இருக்கும்னு நம்ம பேட்ச்சுக்குத் தெரியாதா என்ன? அந்த ஜூன் 9-ம் தேதிதான் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்துன்னு அறிவிச்சாங்க. காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவிகிதம், வருகைப் பதிவுக்கு 20 சதவிகிதம், எல்லாரும் பாஸ்! அன்னைக்குக் குதிச்சோம். ஆனா, ‘எழுதியிருந்தா எவ்வளவு வாங்கியிருப்போம்?’ங்கிற கேள்வி இன்னும் உள்ளுக்குள்ள ஃப்ரீஸ் ஆகித்தான் நிக்குது. ‘கொரோனா பேட்ச்’னு யாராவது கலாய்க்கும்போதெல்லாம் அது ‘டொய்ங்’னு சவுண்டு விடும்!

குணசேகரன் இல்லாத வீடு

2020 ஊருக்கே வந்த கஷ்டம், விடுங்க. நல்லா ஓடிக்கிட்டிருந்த நாடகம் ஒண்ணுக்கு வந்த கதையைப் பார்ப்போம்.

2022 பிப்ரவரி 7-ம் தேதி சன் டி.வி-யில ஆரம்பிச்சது ‘எதிர்நீச்சல்’. டைரக்டர் திருச்செல்வம். 2003-ல இருந்து 2009 வரைக்கும் 1,533 எபிசோட் ஓடுன ‘கோலங்கள்’ எடுத்தவர். மதுரையில ஒரு பெரிய வீடு. ஆதிமுத்து குணசேகரன்னு அதட்டல் அண்ணன். படிச்சும், திறமை இருந்தும் அடுப்பங்கரையைத் தாண்ட முடியாத மருமகள்கள் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி. நாலாவதா ஜனனி வந்து சேர்றா. சொத்துல 40 பர்சென்ட் ஷேரோட பட்டம்மாள் அப்பத்தா. இந்தப் பொண்ணுங்க வாசப்படியைத் தாண்டுவாங்களா, மாட்டாங்களா? அவ்வளவுதான் கதை.

இந்த ஒரு வரிக்காகத்தான் எங்க ஊர் ராத்திரி ஒன்பதரை மணிக்கு டி.வி முன்னால உட்கார்ந்தது. மில்லுக்குப் போய் சம்பாதிச்சு, சம்பளக் கவரைப் பிரிக்காம வீட்டுல கொடுக்கிற பொண்ணுங்களுக்கு அந்தக் கேள்வி, டி.வி-க்குள்ள மட்டும் இருக்கிற கேள்வி இல்லையே!

வில்லனா வந்த ஜி.மாரிமுத்து நம்ம பக்கத்து மாவட்டத்துக்காரர். தேனி மாவட்டம், வருசநாடு பக்கம் பசுமலைத்தேரி. ‘கண்ணும் கண்ணும்’ (2008), ‘புலிவால்’ (2014) படங்களோட டைரக்டர். ‘பரியேறும் பெருமாள்’ல ஹீரோயினோட அப்பா. அவரோட ‘இந்தாம்மா... ஏய்!’ காலேஜ் கேன்டீன் வரைக்கும் வந்துச்சு. சீரியல் பார்க்காத பசங்ககூட அந்த ஒரு வசனத்தை மீம்ல பார்த்துப் பேசிக்கிட்டுத் திரிஞ்சாங்க. 2023 செப்டம்பர் 8-ம் தேதி, அதே சீரியலுக்கு டப்பிங் பேசப் போன இடத்துல நெஞ்சு வலி. அன்னைக்கே இறந்துட்டார். பொம்பளைங்களைத் திட்டுற கேரக்டர். அவர் செத்ததுக்கு அந்தப் பொம்பளைங்கதான் எங்க தெருவுல ஒப்பாரி வைக்காத குறையா அழுதாங்க!

அவர் இடத்துக்கு, ‘குற்றப் பரம்பரை’ எழுதின வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல எழுத்தாளர், நல்ல நடிகர். ஆனா, பாதி ஓட்டத்துல இன்னொருத்தர் செருப்பைப் போட்டுக்கிட்டு ஓடுறது யாருக்குமே கஷ்டம். கடைசியில 2024 ஜூன் 8-ம் தேதி நாடகம் முடிஞ்சது. ரெண்டு வருஷத்துக்கு மேல அங்குலம் அங்குலமா நகர்ந்த கதை, கடைசி நாட்கள்ல மட்டும் பாயின்ட் டு பாயின்ட் பஸ் மாதிரி பறந்துச்சு. ‘என்னமோ பால் பொங்கறதுக்குள்ள அடுப்பை அணைச்ச மாதிரி இருக்கு’ன்னாங்க எங்க அப்பத்தா.

அப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டிய விஷயம். அதே வருஷம் டிசம்பர் 23-ம் தேதி, அதே வீடு திரும்பி வந்துச்சு. பேரு என்ன தெரியுமா? ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’. ஜனனியா பார்வதின்னு புதுமுகம். மத்தபடி பழைய மருமகள்கள், பழைய சண்டை. முடிச்சதா சொன்ன கதை முடியலைன்னு டைட்டில்லயே ஒத்துக்கிட்டாங்க. ‘தொடரும்’ங்கிற வார்த்தை, வாழ்க்கையில ஒரே ஒரு தடவை உண்மை பேசிச்சு!

முடிவைத் தீர்மானிக்கிற பெட்டி

சரி, யார் நிறுத்துறாங்க? டைரக்டரா? கதாசிரியரா? ரெண்டு பேரும் இல்லை. ஒரு பெட்டி.

நாம இன்ஜினீயரிங் ஆளாச்சே, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கழட்டிப் பார்ப்போம். எத்தனை பேர் எந்த சேனல் பார்க்கிறாங்கன்னு இந்தியாவுல கணக்கு எடுக்கிறது ‘பார்க்’ங்கிற அமைப்பு. 2015-ல இருந்து அதோட கணக்குதான் செல்லுபடி. ஒவ்வொரு சேனலும் தன்னோட ஒலியில, மனுஷக் காதுக்குக் கேட்காத ஒரு ரகசியக் குறியீட்டைக் கலந்து அனுப்பும். தேர்ந்தெடுத்த வீடுகள்ல டி.வி பக்கத்துல ஒரு மீட்டர் இருக்கும். அது ஒலியைக் கேட்டே ‘இது இந்த சேனல்’னு கண்டுபிடிச்சுடும். வீட்டுல ஆளுக்கு ஒரு பட்டன். பார்க்க உட்கார்றவங்க அவங்கவங்க பட்டனை அமுக்கணும். நம்ம ஹாஸ்டல் அட்டெண்டன்ஸ் மாதிரிதான்... ப்ராக்ஸி மட்டும் போடக் கூடாது!

2020 கணக்குப்படி நாட்டுல டி.வி இருக்கிற வீடு சுமார் 21 கோடி. மீட்டர் இருந்த வீடு சுமார் 44,000. வகுத்துப் பார்த்தா, ஏறக்குறைய 4,800 வீட்டுக்கு ஒரு மீட்டர். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கிறது புள்ளியியல்லயும் சரிதான். கணக்குல குத்தம் சொல்ல முடியாது. ஆனா, அந்த மீட்டருக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்... ‘இந்த நேரத்துல இத்தனை பேர் உட்கார்ந்திருந்தாங்க’. அவங்க எவ்வளவு நாளா காத்திருக்காங்க, முடிவு தெரியாம எப்படித் தவிப்பாங்க... அதை அளக்க இன்னும் சென்சார் கண்டுபிடிக்கலை.

இன்னொரு பக்கம், காசுக் கணக்கு. தமிழ் சேனல்ல ரொம்ப நாளா இருந்த ஒரு முறை, ‘ஸ்லாட்’. தயாரிப்பாளர் சேனலுக்கு ஒளிபரப்புக் கட்டணம் கட்டி அந்த அரை மணி நேரத்தை எடுப்பார். கிடைக்கிற விளம்பர நேரத்தை அவரே வித்துக்குவார். இன்னொரு முறையில, சேனலே எபிசோடுக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்து எடுக்கச் சொல்லும். எந்த முறையா இருந்தாலும், ரேட்டிங் விழுந்தா விளம்பரம் விழும். விளம்பரம் விழுந்தா ஸ்லாட் போயிடும். அதாவது, கதைங்கிறது வாடகை வீட்டுல குடியிருக்கு. நாம பத்து வருஷமா குடியிருக்கோமேன்னு ஹவுஸ் ஓனர் பார்ப்பாரா?

தூர்தர்ஷன் காலத்துல இப்படி இல்லை. 13 வாரம், 26 வாரம், 52 வாரம்னு அளவு வெச்சுத்தான் அனுமதி. கே.பாலசந்தரோட ‘ரயில் சினேகம்’ மாதிரி வாரத் தொடர் எடுத்தவங்களுக்கு, எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்னு ஏறும்போதே தெரியும். மெகா சீரியல் வந்த பிறகு டிக்கெட்ல இறங்குற ஊரே இல்லை. ராதிகாவோட ‘சித்தி’ 1999 டிசம்பர்ல ஆரம்பிச்சு 2001 நவம்பர்ல முடிஞ்சது. அதை நீளம்னு நினைச்ச ஊர்தான், பின்னால வந்த ‘கோலங்கள்’ ஆறு வருஷம் ஓடறதையும் பார்த்துச்சு. ஓடற வரைக்கும் ஓட்டுவோம்னு ஆன பிறகு, முடிவை யார் முன்கூட்டியே யோசிச்சு வைப்பாங்க?

பெரிய தலைகளுக்கும் இதே கதிதான். 2000 ஜூலை 3-ல ஆரம்பிச்ச ‘கியோங்கி சாஸ் பி கபி பஹூ தி’, இந்திய சீரியல்களுக்கெல்லாம் மாமியார். எட்டு வருஷத்துல 1,800 எபிசோடைத் தாண்டுச்சு. ரேட்டிங் குறையுதுன்னு ஸ்டார் ப்ளஸ் நோட்டீஸ் கொடுக்க, ஏக்தா கபூரோட பாலாஜி கம்பெனி பம்பாய் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பார்த்துச்சு. பலிக்கலை. 2008 நவம்பர் 6-ல கதவைச் சாத்திட்டாங்க. கதையில ஏகப்பட்ட முடிச்சு அவிழாம கிடந்தது. 2025 ஜூலை 29-ல அதே துளசி, அதே ஸ்மிருதி இரானி, மறுபடி கதவைத் திறந்துக்கிட்டு வந்தாங்க. நடுவுல அவங்க மத்திய அமைச்சராவே இருந்துட்டு வந்துட்டாங்க!

கடலை மூட்டைப் போராட்டம்!

இந்த வலி நமக்கு மட்டும் இல்லை மக்களே. அமெரிக்காவுல ‘ஆல்ஃப்’னு ஒரு காமெடித் தொடர். வேற்றுக்கிரகப் பிராணி ஒண்ணு ஒரு குடும்பத்தோட ஒட்டிக்கும். 1990 மார்ச்ல வந்த எபிசோட்ல அதை ராணுவம் சுத்தி வளைக்குது. ‘தொடரும்’னு போட்டாங்க. அத்தோட சேனல் தொடரையே நிறுத்திடுச்சு. மிச்சத்தைச் சொல்ல 1996-ல ஒரு டி.வி படம் வர வேண்டியிருந்தது. ஆறு வருஷம் அது மாட்டிக்கிட்டே நின்னுச்சு பாவம்!

2007-ல ‘ஜெரிகோ’ங்கிற தொடரை சி.பி.எஸ் சேனல் நிறுத்தினப்போ, ரசிகர்கள் கொடி பிடிக்கலை. கடைசி எபிசோட்ல ஹீரோ சொல்ற ஒரு வார்த்தை கடலையைக் குறிக்கும். அவ்வளவுதான்... சேனல் ஆபீஸுக்கு சுமார் 20 டன் நிலக்கடலையை மூட்டை மூட்டையா அனுப்பிட்டாங்க! மிரண்டுபோன சேனல், இன்னும் ஏழு எபிசோட் எடுக்கச் சொல்லுச்சு. இந்தத் தடவை டைரக்‌ஷன் டீம் உஷார். தொடர் நீடிச்சா ஒரு முடிவு, நின்னுபோனா இன்னொரு முடிவுன்னு ரெண்டையும் முன்னாலயே எடுத்து வெச்சுட்டாங்க. 2008 மார்ச்ல தொடர் நின்னுதான் போச்சு. ஆனா, ரெண்டாவது முடிவு ரெடியா இருந்ததால, கதையை முடிச்சுட்டே கிளம்பினாங்க.

நெட்ஃப்ளிக்ஸ் 2017 ஜூன்ல ‘சென்ஸ்8’ தொடரை நிறுத்துச்சு. ரசிகர்கள் விடலை. 2018 ஜூன்ல இரண்டரை மணி நேரத்துக்கு ஒரே ஒரு கடைசி எபிசோட் எடுத்துக் கொடுத்து ‘ஆளை விடுங்கப்பா’ன்னு கும்பிட்டுச்சு. லாபம் இல்லைன்னாலும் கதையை முடிச்சுட்டுப் போக முடியும்ங்கிறதுக்கு இதெல்லாம் சாட்சி.

பேனா நின்னாலும்...

‘அது வெள்ளைக்காரன் ஊர், காசு இருக்கு’ன்னு சொல்றவங்களுக்கு நம்ம ஊர்ல இருந்தே ஒரு கதை. ‘பொன்னியின் செல்வன்’ எழுதின கல்கி, தன் பத்திரிகையில ‘அமரதாரா’ங்கிற தொடர்கதையை எழுதிக்கிட்டிருந்தப்போ, 1954 டிசம்பர் 5-ம் தேதி இறந்துட்டார். எழுதினவரே போயிட்டார். அதைவிடப் பெரிய காரணம் வேணுமா கதையை நிறுத்த? ஆனா, நிறுத்தலை. அவர் விட்டுட்டுப் போன குறிப்புகளை வெச்சு, அவர் மகள் ஆனந்தி மிச்சக் கதையை எழுதி முடிச்சாங்க. வாரா வாரம் காத்திருந்த வாசகனுக்கு ஒரு பதில் சொல்லணும்ங்கிற நினைப்பு இருந்ததாலதான் அது நடந்துச்சு.

எழுபது வருஷத்துக்கு முன்னால மசியும் பேனாவும் வெச்சு முடிஞ்ச விஷயம், ட்ரோன் கேமரா வெச்சு கோயில் கும்பாபிஷேக ஸீன் எடுக்கிற காலத்துல முடியாதா?

மிச்சக் கதை... அப்பத்தா உபயம்!

சரி, சேனல் கைவிட்ட கதையெல்லாம் என்ன ஆகுது? எங்க ஊர்ல அது சாகறதில்லை. எங்க அப்பத்தாவே முடிச்சுடும்!

2020-ல நின்னுபோன நாடகம் ஒண்ணுக்கு, திண்ணையில உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டே முடிவு சொல்லுச்சு. மூத்த மகனுக்குப் புத்தி வந்துச்சு. சின்ன மருமக தனிக்குடித்தனம் போச்சு. ‘நல்லவதான்... ஆனா வாய் ஜாஸ்தி’. வில்லிக்கு? ‘கை கால் விழுந்து படுத்துருச்சு. மருமகதான் கஞ்சி ஊத்துறா’. டி.ஆர்.பி இல்லை, விளம்பர இடைவேளை இல்லை, மூணே நிமிஷத்துல பரம திருப்தியான க்ளைமாக்ஸ்! எதிர்வீட்டுக்காரம்மா மட்டும் ஒத்துக்கலை. அவங்க கதையில வில்லி ஜெயிலுக்குப் போறா. இந்த வழக்கு ரொம்ப நாள் ஓடுச்சு.

சிரிப்பா இருந்தாலும், இதுல ஒரு விஷயம் இருக்கு. புருசன் போய், புள்ளைங்க வேலைக்கு வெளியூர் போய், பகல் பூரா தனியா இருக்கிற ஒரு கிழவிக்கு, தினமும் தவறாம வீட்டுக்கு வந்து போற மனுஷங்க அந்த நாடகத்துக்காரங்கதான். சொந்தக்காரங்க ஒருத்தர் திடீர்னு வர்றதை நிறுத்தினா, ‘என்னாச்சோ, ஏதாச்சோ’னு மனசு அடிச்சுக்கும். அந்தத் தவிப்புக்கு ‘வேலை இல்லாத வேலை’னு பேர் வைக்கிறது நமக்கு ஈஸி. செமஸ்டர் லீவுல வீட்டுக்குப் போய் போனை நோண்டுற நாம, அவங்ககிட்ட எத்தனை நிமிஷம் பேசுறோம்னு கணக்குப் பார்த்தா, நாடகக்காரங்க எவ்வளவோ மேல்!

மங்களம் பாடுங்க சார்!

இன்னொரு கணக்கும் இருக்கு. திண்டுக்கல், ஈரோடு, கோவை, திருப்பூர்ப் பக்க மில்லுகள்ல ‘சுமங்கலித் திட்டம்’னு ஒண்ணு ஓடுச்சு. கல்யாண வயசுப் பொண்ணுங்க ஹாஸ்டல்ல தங்கி மூணு வருஷம் வேலை பார்த்தா, கடைசியில மொத்தமா ஒரு தொகை. நடுவுல நின்னுட்டா அந்த மொத்தத் தொகை கிடைக்காமப் போன பொண்ணுங்க நிறைய. பாதியில நிக்கிறது எவ்வளவு பெரிய நஷ்டம்னு அந்தப் பொண்ணுங்களுக்கு இந்த ஊர் பாடமே நடத்தியிருக்கு. அதே பொண்ணுங்க ரெண்டு மூணு வருஷமா பார்த்த நாடகத்தை ஒரு சேனல் பாதியில நிறுத்தினா? ஒரு ஸ்லைடுகூட இல்லை, ஒரு ‘ஸாரி’கூட இல்லை. மறுநாள் புது டைட்டில் பாட்டுதான்.

நஷ்டத்துல ஓடுற நாடகத்தை இழுத்துக்கிட்டே இருங்கன்னு யாரும் கேட்கலை. வியாபாரம்னா ஏத்தமும் இறக்கமும் இருக்கும். இங்கே கேட்கிறது ரொம்பச் சின்ன விஷயம். நிறுத்தப் போறதா முடிவு பண்ணினா, பார்க்கிறவங்களுக்கு ஒரு வாரம் முன்னால சொல்லுங்க. ஒரே ஒரு எபிசோட், முடிவுக்குன்னு ஒதுக்குங்க. ஜெரிகோ டீம் மாதிரி, ஆபத்து நேரத்துக்குன்னு ஒரு க்ளைமாக்ஸை எழுதியாவது வைங்க. ஷூட்டிங்கே நடத்த முடியாத 2020 மாதிரி நிலைமை வந்தாக்கூட, அந்த வீட்டுல நடிச்ச ஒருத்தர் கேமரா முன்னால உட்கார்ந்து, ‘எங்க கதை இப்படித்தான் முடிஞ்சிருக்கும்’னு அஞ்சு நிமிஷம் பேசினா போதும். எங்க அப்பத்தா மன்னிச்சுடும். எதிர்வீட்டு வழக்கும் தீர்ந்துடும்!

இதைப் படிக்கிற விஸ்காம் மக்களே... உங்கள்ல யாராவது நாளைக்கு சேனல்ல கதை இலாகாவுல உட்காருவீங்க. எம்.பி.ஏ முடிச்ச ஒருத்தர் ஸ்லாட் ரேட் பேசுவீங்க. எங்களை மாதிரி இன்ஜினீயரிங் முடிச்சுட்டு எங்கே போறதுன்னு தெரியாத ஒருத்தர் (கண்டிப்பா ஒருத்தராவது!) அசிஸ்டென்ட் டைரக்டர் ஆவீங்க. அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போடுறப்போ ஒரு வரி மட்டும் சேர்த்துடுங்க... ‘எப்போது நின்றாலும், கடைசி எபிசோட் கட்டாயம்.’

எங்க ஊர் மூணு ஷிஃப்ட்டும் உங்களுக்குக் கடன்பட்டிருக்கும்!